பொட்டுக்குப் பின்னால் ஒரு பிசின்

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் சிலருக்கு அரிப்பெடுக்கும். பொட்டை எடுத்துப் பார்த்தால், அதே வட்டத்தில் தோல் தடித்தோ வெளுத்தோ இருக்கும். ஏன் தெரியுமா, நேயர்களே?

பல நேரங்களில் காரணம், பொட்டின் பின்னால் தடவியிருக்கும் பசைதான். பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் என்று அதற்கு நீளமான பெயர். இதே பிசின் தோல் செருப்பை ஒட்டும் பசையிலும் கைக்கடிகார வாரிலும்கூட இருக்கலாம்.

இந்தப் பிசின்தான் காரணமா என்று கண்டுபிடிக்க ஊசி எதுவும் தேவையில்லை. தோல் மருத்துவர் அந்தப் பிசினை வாசலினில் துளியளவு கலந்து, சின்னஞ்சிறு கிண்ணம் போன்ற பட்டையில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது கொஞ்சம் சிரமம்தான்! பிறகு பட்டையை எடுத்துப் பார்ப்பார். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார். இந்த ஒவ்வாமை நிதானமாகத்தான் தலைகாட்டும். ஒட்டிய இடம் சிவந்து தடித்தால், குற்றவாளி அகப்பட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம் தெரிந்ததும் பரம்பரை நோயோ என்று பயந்து, வெளியே சொல்லாமல் தவிக்கிற பெண்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். இந்தப் பசையிலுள்ள ரசாயனம் தோலுக்கு நிறம் தரும் செல்களைத் தாக்குவதாலும் அப்படி வெளுக்கலாம். பொட்டை நிறுத்திவிட்டு சீக்கிரமே மருத்துவரைப் பார்த்தால், பலருக்குப் பழைய நிறம் மெல்ல மெல்லத் திரும்புகிறது.