திறமூல மென்பொருள் சமூகங்களின் தனி மேகம்

தனி மேகம் என்பது ஓர் அமைப்பு தன் உறுப்பினர்களின் பயன்பாட்டுக்காக மட்டும் ஏற்படுத்திக்கொள்ளும் மேகக் கணிமை ஏற்பாடு ஆகும். இது தனியார் மேகம் என்றும் வழங்கப்படும். பல கணினிகளின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவை ஒன்றுதிரட்டப்பட்டு, தேவைப்படுவோருக்குத் தேவையான அளவில் பகிர்ந்தளிக்கப்படுவதே இதன் அடிப்படை. திறமூல மென்பொருள் சமூகங்கள் தங்கள் மூலநிரல், ஆவணங்கள், மொழிபெயர்ப்புகள், பயிற்சிச் சூழல்கள் ஆகியவற்றைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளத் தனி மேகங்களை நடத்துகின்றன.

அமெரிக்காவின் தேசிய தர மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2011இல் வெளியிட்ட வரையறை, மேகங்களைத் தனி, சமூக, பொது, கலப்பு என நான்காகப் பிரிக்கிறது. இவ்வரையறையின்படி, தனி மேகத்தின் கணினிகள் அமைப்பின் சொந்தக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக் கணினிகளிலும் அதனை அமைக்கலாம். ஒத்த நோக்குடைய பல அமைப்புகள் பகிர்ந்துகொள்வது சமூக மேகம் எனப்படும். ஒரே மாவட்டத்தின் இரு ஊர்களில் உள்ள தன்னார்வக் குழுக்கள் சேர்ந்து நடத்தும் மேகம் இவ்வகையில் அடங்கும்.

தேவை

திறமூலச் சமூகம் ஒன்றின் உழைப்பு முழுவதும் பிறர் நடத்தும் வழங்கிகளில் இருப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழங்கிகள் நிலையானவை அல்ல. கூகுள் நிறுவனத்தின் கூகுள் கோட் சேவை 2006இல் தொடங்கி 2016இல் மூடப்பட்டது. கிட்டோரியசு என்னும் சேவை 2015இல் கிட்லேப் நிறுவனத்தால் வாங்கப்பட்டு அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. கிட்ஹப் 2018இல் மைக்ரோசாஃப்டு நிறுவனத்தின் உடைமையானது.

உரிமங்கள் இச்சிக்கலை ஓரளவே தீர்க்கின்றன. 2007 நவம்பரில் வெளியான குனு அஃபெரோ பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, ஒரு மென்பொருளை மாற்றி இணையத்தின் வழியே சேவையாக வழங்குபவர், அதன் மூலநிரலைப் பயனர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் மூலநிரல் கையில் இருப்பதும் தரவு கையில் இருப்பதும் ஒன்றல்ல. பத்தாண்டுகளாகச் சேர்ந்த வழுப் பதிவுகளும் உரையாடல்களும் வழங்கியை நடத்துபவரிடமே இருக்கும். இவ்விடைவெளியை நிரப்பவே தனி மேகம் தேவைப்படுகிறது.

வரலாறு

தனி மேகத்துக்குத் தேவையான கட்டற்ற மென்பொருள்கள் 2000களில் உருவாயின. கேவிஎம் என்னும் மெய்நிகராக்க வசதி 2007இல் லினக்சு கருனியின் 2.6.20 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதனால் ஒரே கணினியில் ஒன்றையொன்று பாதிக்காத பல மெய்நிகர் கணினிகளை இயக்குவது எளிதாயிற்று. இதனை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் 2008இல் வெளிவந்தது. நாசாவும் ராக்ஸ்பேசு நிறுவனமும் 2010இல் ஓப்பன்ஸ்டேக் திட்டத்தைத் தொடங்கின. கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் ஓன்கிளவுடிலிருந்து கிளைத்தது.

பெரிய சமூகங்களில் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. முன்னர் தன்னார்வலர்களின் கருவிகள், செருமனி விக்கிமீடியா அமைப்பு நடத்திய டூல்செர்வரில் இயங்கின. அறக்கட்டளை 2010களின் தொடக்கத்தில் ஓப்பன்ஸ்டேக்கைக் கொண்டு விக்கிமீடியா லேப்ஸ் என்னும் மேகத்தை அமைத்தது. டூல்செர்வர் 2014இல் நிறுத்தப்பட்டது. லேப்ஸ் 2017இல் விக்கிமீடியா மேகச் சேவைகள் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பயனர்களின் தொகுப்பு எண்ணிக்கையைக் காட்டும் எக்சுடூல்ஸ் முதலிய கருவிகள் இதில் இயங்குகின்றன. தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

எல்லாச் சமூகங்களும் தனி மேகத்தைத் தொடர்ந்து நடத்த இயலவில்லை. ஃபெடோரா திட்டம் சில ஆண்டுகள் ஓப்பன்ஸ்டேக் மேகம் ஒன்றை நடத்தியது. அதில் இயங்கிய காப்ர் என்னும் பொதி உருவாக்கச் சேவை 2020இல் அமேசான் மேகத்துக்கு இடம்பெயர்ந்தது. மாறாக, நன்கொடைக் கணினிகளை நம்பியிருந்த ஃபிரீடெஸ்க்டாப் திட்டத்திற்கு அவ்வுதவி முடிவுக்கு வருவதாக 2025இன் தொடக்கத்தில் தெரிவிக்கப்பட்டது. அத்திட்டம் சில மாதங்களுக்குள் தன் வழங்கிகளை வாடகைக் கணினிகளுக்கு மாற்ற நேர்ந்தது.

கூறுகளும் இயங்கும் விதமும்

தனி மேகம் ஒன்று பொதுவாகப் பின்வரும் அடுக்குகளைக் கொண்டது.

வன்பொருள்: செயலி, நினைவகம், வன்தட்டு கொண்ட கணினிகள், அவற்றை இணைக்கும் ஈத்தர்நெட் சுவிட்ச், மின்தடையின்போது உதவும் யுபிஎஸ்.

மெய்நிகராக்கம்: ஒவ்வொரு கணினியிலும் கேவிஎம் இயங்கி, அதனைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுக்கும்.

பகிர்ந்த சேமிப்பகம்: செஃப் போன்ற மென்பொருள்கள் ஒரு கோப்பின் நகல்களை வெவ்வேறு கணினிகளில் வைக்கும். ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு கிடைக்கும்.

மேலாண்மை: யாருக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு வட்டு இடம் என்பதை ஒரே இடத்திலிருந்து ஒதுக்கும் மென்பொருள்.

சேவைகள்: மூலநிரல் களஞ்சியம், கோப்புப் பகிர்வு, உரையாடல், பயிற்சிக் கணினிகள் போன்றவை.

இத்தகைய தொகுதியில் குறைந்தது மூன்று கணினிகள் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டு மட்டும் இருந்து அவற்றுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால், மற்றது நின்றுவிட்டதா, இணைப்பு மட்டும் அறுந்ததா என்பதை எந்தக் கணினியாலும் அறிய இயலாது. இரண்டும் தனித்தனியே எழுதத் தொடங்கினால் தரவு முரண்படும். மூன்று இருந்தால், ஒன்றையொன்று காண முடிகிற இரண்டும் பெரும்பான்மையாகிப் பணியைத் தொடரும். தனித்து விடப்பட்டது எழுதுவதை நிறுத்திக்கொள்ளும்.

விழுப்புரம், திண்டிவனம்: ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பெருநகரங்களுக்கு வெளியிலும் வேரூன்றியுள்ளது. சென்னையில் இந்திய லினக்சு பயனர் குழு 1998 முதல் கூடிவருகிறது. பின்னாளில் தோன்றிய விழுப்புரம் குனு/லினக்சு பயனர் குழு, கிராமப்புற மாணவர்களிடையே கட்டற்ற மென்பொருள்களைப் பரப்பி வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் உள்ளன. இத்தகைய சூழலில் தனி மேகம் ஒன்றை அமைப்பது எவ்வாறு என்பதைக் கீழ்வரும் கணக்கு விளக்குகிறது. இது விளக்கத்திற்கான எடுத்துக்காட்டே. எந்தக் குழுவின் நடப்பு அமைப்பையும் குறிப்பதன்று.

விழுப்புரத்தில் மூன்று கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 32 கிகாபைட்டு நினைவகமும் 2 டெராபைட்டு வன்தட்டும் உள்ளன. மொத்த நினைவகம் 96 கிகாபைட்டு. எனினும் ஒரு கணினி நின்றால் மற்ற இரண்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே 64 கிகாபைட்டுக்கு மேல் ஒதுக்கக் கூடாது. மேலாண்மை மென்பொருளின் தேவையைக் கழித்தால் இதுவும் குறையும். வன்தட்டுகளின் மொத்தக் கொள்ளளவு 6 டெராபைட்டு ஆயினும், ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நகல்கள் வைக்கப்படுவதால் பயன்படுவது 2 டெராபைட்டுக்கும் குறைவே.

மின்செலவும் கணக்கிடத்தக்கது. ஒரு கணினி சராசரியாக 100 வாட்டு எடுத்தால், நாளொன்றுக்கு 2.4 யூனிட் ஆகும். இருமாத மின்கணக்கில் இது 144 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீட்டு இணைப்புகளுக்கு அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவச அளவை ஒரே கணினி தாண்டிவிடும். மூன்று கணினிகளுக்கு 432 யூனிட் தேவைப்படும். மேகத்தை ஓர் உறுப்பினரின் வீட்டில் வைத்தால் அச்செலவு அவர் தலையில் விழும் என்பதால், அதனைக் குழு முன்னரே பகிர்ந்துகொள்வது முறை.

இணைய இணைப்பில் இன்னொரு தடை உள்ளது. பல வீட்டு அகலப்பட்டை இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கின்றனர். அதனால் வெளியிலிருந்து வழங்கியை நேரடியாக அடைய முடியாது. இதற்குத் தீர்வாக, பொது முகவரி உடைய சிறிய வாடகைக் கணினி ஒன்றை எடுத்து, அதற்கும் விழுப்புரத்துக்கும் இடையே வயர்கார்டு போன்ற மறையாக்கச் சுரங்கம் அமைக்கலாம். வயர்கார்டு 2020இல் லினக்சு கருனியின் 5.6 பதிப்பில் இடம்பெற்றது. தரவு விழுப்புரத்திலேயே இருக்கும். வாடகைக் கணினி வாயிலாக மட்டும் செயல்படும்.

காப்பு நகல்

ஒரு கோப்பு மூன்று கணினிகளில் இருப்பது காப்பு நகல் ஆகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு மூன்றிலும் உடனே அழியும். இதற்கு கேடிஈ திட்டத்தில் 2013 மார்ச்சில் நிகழ்ந்தது சான்று. அதன் முதன்மைக் கிட் வழங்கியின் கோப்பு முறைமை பழுதானது. அதனைப் பின்தொடர்ந்த நகல் வழங்கிகள் பழுதையும் அப்படியே பின்பற்றின. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் இழக்கப்படும் நிலை ஏற்பட்டது. அந்த ஒத்திசைவிலிருந்து தப்பிய ஒரு வழங்கியில் இருந்த அண்மைய நகலால் அவை மீட்கப்பட்டன. 2017 சனவரியில் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பல காப்பு முறைகள் செயல்படாமல் இருந்தது அதன் பின்னரே தெரியவந்தது.

ஆகவே மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், வேறிடத்தில் ஒரு நகல் என்னும் விதி பின்பற்றப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வேறிடம் என்பதற்குத் திண்டிவனம் இயல்பாகத் தோன்றும். அது ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. 1 டெராபைட்டு தரவை நொடிக்கு 100 மெகாபிட்டு வேக இணைப்பில் மீட்க 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே தரவு உள்ள வன்தட்டைத் திண்டிவனத்திலிருந்து பேருந்தில் எடுத்துவர ஒரு மணி நேரம் அளவே ஆகும்.

எனினும் தீவிபத்து, திருட்டு ஆகியவற்றுக்குப் போதுமான இத்தொலைவு புயலுக்குப் போதாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் டிசம்பர் 2 அன்று தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரு ஊர்களும் ஒரே நாளில், ஒரே மழையில் சிக்கின. எனவே திண்டிவன நகலுடன், மறையாக்கம் செய்யப்பட்ட இன்னொரு நகலை மதுரை, கோயம்புத்தூர் போன்ற தொலைவிலுள்ள ஊரில் வைப்பது தேவையாகிறது. நகல் எடுப்பதுடன், குறித்த கால இடைவெளியில் அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதது. மீட்டுப் பார்க்கப்படாத நகலை நகலாகக் கருத இயலாது.

நிருவாகமும் தொடர்ச்சியும்

தன்னார்வ மேகங்களின் கடினமான பகுதி மனிதர்களைச் சார்ந்தது. பொறியியல் மாணவர் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்து, வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்வது வழக்கம். முதன்மைக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் விலகும்போது மேகமும் பூட்டப்பட்டுவிடும். ஆள்களப் பெயர் ஒருவரின் சொந்தக் கணக்கில் பதிவாகியிருந்தால், அதனைப் புதுப்பிக்க மறக்கும் நாளில் எல்லாச் சேவைகளும் மறையும்.

இதனைத் தவிர்க்கப் பொதுவாகப் பின்வரும் வழக்கங்கள் கைக்கொள்ளப்படுகின்றன.

வெவ்வேறு படிப்பாண்டுகளைச் சேர்ந்த குறைந்தது மூவருக்கு நிருவாக அணுக்கம் வழங்குதல்.

ஆள்களப் பெயர், வாடகைக் கணினி ஆகியவற்றைக் குழுவின் பெயரில் பதிவு செய்தல்.

நிறுவும் முறையையும் மீட்கும் முறையையும் தமிழில் எழுதி, அதன் ஒரு படியை மேகத்துக்கு வெளியே வைத்தல்.

பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறித்தல்.

விலகியவரின் அணுக்கத்தை உடனே நீக்குதல்.

விக்கிமீடியாவின் டூல்ஃபோர்ஜ் தளத்தில், பராமரிப்பாளர் கைவிட்ட கருவியை வேறொரு தன்னார்வலர் ஏற்று நடத்த வழிசெய்யும் கொள்கை உள்ளது. அங்கு இயங்கும் நிரல்கள் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பதே இக்கைமாற்றத்தைச் சாத்தியமாக்குகிறது.

வரம்புகள்

தனி மேகம் எல்லாத் தேவைகளுக்கும் ஏற்றதன்று. சில பக்கங்கள் கொண்ட இணையத்தளத்துக்கு ஒரு சிறிய வாடகைக் கணினியே போதும். குழுவின் மின்னஞ்சல் வழங்கியைத் தாமே நடத்துவது கடினம். புதிய வழங்கியிலிருந்து செல்லும் மடல்களைப் பெரிய நிறுவனங்கள் எரிதமாகக் கருதித் தடுப்பதுண்டு. மூலநிரலின் பொது நகலைப் பெரிய சேவை ஒன்றில் வைத்துக்கொண்டு, வழுப் பதிவுகளையும் பயிற்சிச் சூழல்களையும் மட்டும் தனி மேகத்தில் வைப்பது கலப்பு முறையாகும். மனிதவளம் குறைந்த குழுக்களுக்கு இம்முறை ஏற்றது.

எம்முறையாயினும், ஒரு கணினியோ ஒரு நிறுவனமோ ஒரு நிருவாகியோ இல்லாமற்போனாலும் சமூகத்தின் உழைப்பு எஞ்ச வேண்டும் என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

மேகக் கணிமை
மெய்நிகராக்கம்
கட்டற்ற மென்பொருள்
ஓப்பன்ஸ்டேக்
லினக்சு பயனர் குழு