தண்ணீருக்குப் பயந்த நான் போட்ட பயணத் திட்டம்

எங்கள் தையல் குழுவில் ஒன்பது பெண்கள். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இருக்கிறோம். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஐவர். மற்றவர்கள் மலையகச் சகோதரிகள்.

"வருஷம் முழுக்க மெஷினோடதான் இருக்கிறம். ஒரு நாளைக்குக் கித்துல்கலைக்குப் போய் ஆத்தில படகு விடுவமா, அக்கா?" என்று எங்களில் இளையவள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1993இல் எனக்குப் பதினொரு வயது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம். கிளாலிக் கடல்நீரேரியை இரவில், வெளிச்சம் இல்லாமல், படகில் கடந்தோம். அம்மா என் கையை விடவேயில்லை. எத்தனை பேர் ஏறலாம், கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்க எவருக்கும் வழியிருக்கவில்லை. அந்த நீரேரியில் எத்தனையோ பேர் உயிரிழந்தார்கள். அன்றிலிருந்து மகாவலிப் பாலத்தில் நின்று கீழே பார்க்கவும் எனக்குப் பயம்.

ஆனாலும் விபரம் திரட்டும் வேலை என் தலையில்தான் விழுந்தது. கணக்குக் கொப்பி என்னிடம் இருந்ததே காரணம்!

கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்குச் செல்ல சுமார் மூன்று மணி நேரமாகும். அங்கே ஓடுவது களனி கங்கை. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து உருவாகும் ஆறு இது. மேலே நீர்மின் நிலையங்களும் அணைகளும் இருப்பதால், ஆற்றின் அளவு மழையை மட்டுமல்ல, திறந்துவிடும் நீரையும் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆகவே மழை குறைந்த பெப்ரவரியில் போவதென்று தீர்மானித்தோம்.

காற்றடைத்த ரப்பர் படகில் ஆறேழு பேர் துடுப்புப் போட, வழிகாட்டி பின்னாலிருந்து திசை சொல்வார். வேகநீரை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். கித்துல்கலையில் பெரும்பாலும் இரண்டு, மூன்று தரமே. உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் கட்டாயம். அங்கியின் பட்டிகளை இறுக்கிக் கட்டாவிட்டால் அது தண்ணீரில் மேலே கழன்றுவிடும். படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். சேலை, துப்பட்டா வேண்டாம். செருப்புக்குப் பின்பட்டி வேண்டும்.

எங்களில் ஒரு அக்காவின் தோளில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. "நான் வரேல்லை எண்டு சொல்ல வெட்கமாக் கிடக்கு, பிள்ளை" என்றார். வெட்கப்பட என்ன இருக்கிறது? பழைய காயம், இருதய நோய், கர்ப்பம், செயற்கைக்கால் எதுவானாலும் முதலிலேயே வைத்தியரிடமும் வழிகாட்டியிடமும் சொல்ல வேண்டும். கரையிலிருந்து பார்ப்பதும் பயணம்தான். சமையல் பொறுப்பை அக்கா தானே எடுத்துக்கொண்டார்.

கொப்பியில் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா? அன்றைய நீர்மட்டம் என்ன? கூடவே மீட்புப் படகு வருமா? அங்கி எல்லோருக்கும் அளவாக இருக்குமா? பெண்கள் உடை மாற்ற மறைவான இடம் உண்டா? மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? நீந்தத் தெரியாதவர்களையும் ஏற்றுவார்கள் என்று சொன்னார்கள். அப்படியானால் முதலில் அமைதியான நீரில் பழக்கித் தருவார்களா என்றும் எழுதிக்கொண்டேன்.

கேள்விகளுக்குக் கீழே 'படகில்', 'கரையில்' என்று இரண்டு நிரல்கள் போட்டேன். என் பெயரை முதலில் 'கரையில்' என்பதன் கீழ் எழுதினேன். இரண்டு நாள் யோசித்து, அதை வெட்டி மற்றப் பக்கம் எழுதினேன். பயம் போய்விடவில்லை. ஆனால் கிளாலியில் ஏறாமல் விட எனக்கு வழியிருக்கவில்லை. இங்கே என் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், ஆற்றங்கரை வரை போனபின்னும் "நான் ஏறமாட்டேன்" என்று சொல்லலாம்.

சகோதரிகளே, நீங்கள் போவது ஆறாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், மகளின் வீடாக இருக்கலாம். ஒரு கொப்பியை எடுத்து உங்கள் கேள்விகளை எழுதிப் பாருங்கள்.