எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் ஒட்சிசன் உணரியும்: பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

காரின் முகப்புப் பலகையில் செம்மஞ்சள் நிறத்தில் எஞ்சின் வடிவ விளக்கு எரியத் தொடங்கினால், பலர் அதனை மாதக்கணக்கில் கவனியாது விடுகின்றனர். கார் வழக்கம்போல் ஓடுகின்றது, எம்.ஓ.டி. பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கின்றது. கடைசி வாரத்தில் அவசரமாகக் கராஜுக்குக் கொண்டுசென்றால், கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்சிசன் சென்சர் பழுது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். மாற்றிய இரண்டாம் வாரத்தில் அதே விளக்கு மீண்டும் எரிகின்றது. கணினி காட்டும் குறியீட்டைப் பழுதான உதிரிப்பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வதால் நேரும் செலவு இது.

விளக்கை அப்படியே விட்டுவிடவும் இயலாது. 2018 மே 20 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும், பழுதைக் காட்டி எரியும் எஞ்சின் விளக்கு எம்.ஓ.டி. பரிசோதனையில் 'மேஜர்' குறைபாடாகக் கொள்ளப்படுகின்றது, கார் தேறாது. 2003 ஜூலை 1 முதல் பாவனைக்கு வந்த பெற்றோல் கார்களுக்கும், 2008 ஜூலை 1 முதல் பாவனைக்கு வந்த டீசல் கார்களுக்கும் இவ்விதி பொருந்தும். செல்லுபடியாகும் எம்.ஓ.டி. இன்றி வீதியில் ஓட்டுவோருக்கு 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஒட்சிசன் உணரி என்பது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகிப் பொருத்தப்பட்ட, விரலளவான ஒரு கருவி. கராஜ்களில் இதனை 'லாம்டா சென்சர்' என்றும் அழைப்பர். பெற்றோல் முழுமையாக எரிவதற்கு, நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி தேவை. எரிந்த புகையில் ஒட்சிசன் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை உணரி எஞ்சின் கணினிக்குச் சொல்ல, கணினி பெற்றோலின் அளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கின்றது. 1976இல் வொல்வோ கார்களில் பொஷ் நிறுவனத்தின் உணரி முதன்முதலில் பொருத்தப்பட்ட காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. வழக்கமான உணரி, பெற்றோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்றும், வளி மிகுந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ற்றும் காட்டும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அது ஒழுங்காக வேலைசெய்யும். ஆகையால் அதனுள்ளேயே ஒரு சிறு மின்சூடேற்றி உண்டு.

பெரும்பாலான பெற்றோல் கார்களில் குறைந்தது இரண்டு உணரிகள் இருக்கும். வினையூக்கி மாற்றிக்கு, அதாவது கராஜ்களில் 'கற்' எனப்படும் பகுதிக்கு, முன்னால் இருப்பது கலவையைக் கட்டுப்படுத்துகின்றது. பின்னால் இருப்பது அந்த மாற்றி தன் வேலையைச் செய்கின்றதா எனக் கண்காணிக்கின்றது. எந்த உணரி என்று சொல்லாமல் 'சென்சர் பழுது' என்று மட்டும் கூறப்பட்டால் அது முழுமையான விடையன்று.

இப்போது குறியீடுகளுக்கு வருவோம். பி0135, பி0141 என்பன முறையே முன் உணரியினதும் பின் உணரியினதும் சூடேற்றிச் சுற்றைக் குறிப்பன. இவற்றில் உணரியே பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். எனினும் உருகி எரிந்திருந்தாலும், கம்பி அறுந்திருந்தாலும் இதே குறியீடுதான் வரும். உணரியின் இணைப்பைக் கழற்றி, சூடேற்றியின் மின்தடையை மல்ரிமீற்றரால் அளக்கச் சில நிமிடங்கள் போதும். சுற்று முற்றாக அறுபட்டிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. பி0133 என்பது முன் உணரி தாமதமாகப் பதிலளிக்கின்றது என்பதைக் குறிக்கும். வயது, குளிரூட்டி நீர் அல்லது எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிதல், பொருந்தாத சிலிக்கோன் பசை ஆகியன உணரியை இவ்வாறு மந்தமாக்கும். கசிவைத் திருத்தாமல் உணரியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு உள்ளாகும்.

வீண்செலவுக்கு அதிகம் வழிவகுப்பவை வேறு இரண்டு. பி0171 என்பது கலவையில் வளி மிகுந்துள்ளது என்னும் அறிவித்தல். இங்கு உணரி பெரும்பாலும் உண்மையையே சொல்கின்றது. வளி உள்ளே செல்லும் குழாயில் விரிசல், அழுக்கடைந்த வளியோட்ட உணரி, வலுவிழந்த பெற்றோல் பம்ப் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் வெளிவளி உட்புகுந்து அளவீட்டைக் கெடுக்கும். பி0420 என்பது வினையூக்கி மாற்றியின் செயற்றிறன் குறைந்ததைக் குறிக்கின்றது. அதனைக் கண்டறிந்து சொன்ன பின் உணரியை மாற்றுவதால் மாற்றி குணமாகாது. மாற்றி திருடுபோனபின் மலிவான மாற்றுப்பாகம் பொருத்திய கார்களிலும் இக்குறியீடு தோன்றுவதுண்டு.

முன் உணரியைச் சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை நன்கு சூடாக்கி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 சுற்று வேகத்தில் வைத்து, கணினியில் உணரியின் நேரடி அளவீட்டை நோக்க வேண்டும். வோல்ற்று அளவு பத்து வினாடிக்குள் பல தடவை மேலும் கீழுமாக விரைந்து மாறினால் உணரி உயிரோடுதான் இருக்கின்றது. ஒரே இடத்தில் நின்றால், மெக்கானிக் சிறிதளவு எரிவாயுவை வளி உட்செல்லும் வழியில் செலுத்திப் பார்ப்பார். வோல்ற்று உடனே உயர்ந்தால் உணரி நல்லது. பழுதை வேறிடத்தில் தேட வேண்டும். ஒரு விதிவிலக்கு: பல புதிய கார்களின் முன் உணரி 'வைட்பேண்ட்' வகையைச் சேர்ந்தது. அது இவ்வாறு ஊசலாடாது. அதற்கு லாம்டா பெறுமானம் 1ஐ ஒட்டி நிற்கின்றதா என்றே பார்க்க வேண்டும். மேற்கூறியவை பெற்றோல் கார்களுக்கானவை. டீசல் எஞ்சினுக்கு வேறு முறைகள் உண்டு.

விளக்கு நிலையாக எரிந்தால் கராஜ் வரை ஓட்டிச் செல்லலாம். சிமிட்டி எரிந்தால் நிலைமை வேறு. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் செல்கின்றது என்பது அதன் பொருள். மாற்றி அதிவெப்பமடைந்து அழிந்துவிடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுவதே செலவைக் குறைக்கும்.

குறியீட்டை அழித்து விளக்கை அணைத்தபின் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும் வழக்கமும் உண்டு. பழுது நீடித்தால் விளக்கு திரும்பவும் எரியும். அத்துடன், பழுது தோன்றிய கணத்தில் கணினி பதிந்துவைத்த வேகம், வெப்பநிலை போன்ற தரவுகளும் அழிந்துபோகும். திருத்துபவருக்கு மிகவும் பயன்படுவது அத்தரவுகளே.

இனிச் சட்டம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, கராஜ் தன் வேலையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும். விலை முன்கூட்டியே பேசப்படாவிடின் நியாயமான விலையே கொடுக்கப்பட வேண்டும். தவறினால், மேலதிகக் கட்டணமின்றி வேலையை மீண்டும் செய்யுமாறு கோரலாம். அது இயலாதவிடத்து விலைக்குறைப்புக் கோரலாம். ஆயினும் கராஜின் ஒவ்வொரு முடிவும் சரியாகவே இருக்கும் என இச்சட்டம் உறுதியளிக்கவில்லை. ஆகவே பின்னர் பிணக்கு எழுந்தால், என்னென்ன சோதிக்கப்பட்டன என்பதே முதல் வினாவாக இருக்கும். குறியீடு எது, எந்த உணரி, எந்த அளவீட்டைக் கொண்டு முடிவெடுக்கப்பட்டது என்பவற்றைப் பற்றுச்சீட்டிலோ விலைமதிப்பீட்டிலோ எழுதித் தருமாறு வேலை தொடங்குமுன்னரே கேட்பது நன்று. கழற்றிய பழைய பாகத்தை வைத்திருக்குமாறும் அப்போதே சொல்லிவைக்கலாம். குறியீட்டை வாசிப்பது வேறு, பழுதறிவது வேறு. பின்னையதற்கு ஒரு மணி நேரக் கூலி கேட்கப்பட்டால் அது பெரும்பாலும் மிச்சமாகும் பணமே. மினிகப் போன்ற தொழிலுக்காகக் கார் வைத்திருப்போருக்கு 1982ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தும். கவனமும் திறனும் பற்றிய கடமை அங்கும் உண்டு.

பரிசோதனையில் தேறாத காரை அதே நிலையத்தில் விட்டுத் திருத்தி, 10 வேலைநாட்களுக்குள் மீள்பரிசோதனை செய்வித்தால் அதற்குக் கட்டணம் இல்லை. சில உள்ளூராட்சி மன்றங்கள் தமது வாகனங்களுக்காக நடத்தும் எம்.ஓ.டி. நிலையங்கள் பொதுமக்களுக்கும் திறந்தவை. அவை பொதுமக்களின் கார்களைத் திருத்தும் வேலை செய்வதில்லையாதலால், இல்லாத பழுதைச் சொல்வதால் அவற்றுக்கு இலாபம் ஏதுமில்லை.

கராஜுடன் நேரில் பேசித் தீராத முறைப்பாடுகளுக்கு, சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவித் தொலைபேசி 0808 223 1133. ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கான முறைப்பாடுகளும் இங்கிலாந்தில் இவ்வழியாகவே அனுப்பப்படுகின்றன. அழைக்கும்போது பற்றுச்சீட்டும் காரின் பதிவிலக்கமும் கையில் இருத்தல் வேண்டும்.