வெள்ளையடிக்கப் பழகுவோர் அறிய வேண்டியவை

சுவருக்கு வெள்ளையடிப்பது எவரும் செய்யக்கூடிய வேலை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வையையே பறித்துவிடும். ஆகவே இத்தொழிலைப் பழகும்போது நீற்றும் முறையை முதலில் அறிந்துகொள்வோம்.

சுட்ட சுண்ணாம்புக்கல் நீர் பட்டதும் கொதிக்கும். இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீரை விட்டு, கல்லைச் சிறிது சிறிதாக இடுவோம். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும். சிறுவர்களை அண்டவிடாமல் ஒரு நாளாவது ஆறவிட்டு, துணியில் வடித்தெடுப்போம்.

சுவரிலுள்ள தூசியையும் பாசியையும் தேய்த்து நீக்கி, நீர் தெளித்து ஈரமாக்குவோம். காய்ந்த சுவர் நீரை உறிஞ்சிவிடுவதால் பூச்சு பொடியாக உதிரும். பால் பதத்தில் கரைத்து, மேலிருந்து கீழாக மெல்லியதாகப் பூசுவோம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்ளெடுத்தே சுண்ணாம்பு இறுகுகிறது. எனவே ஒரே தடிப்பான பூச்சைவிட, நாளுக்கொன்றாகப் பூசும் மூன்று மெல்லிய பூச்சுகளே நிலைக்கும்.

கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்கு உறையும் அணிவோம். கண்ணிற் பட்டால் கசக்காமல், இமையை விரித்து, சுத்தமான நீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்வோம். அதற்கான நீர், வேலை தொடங்குமுன்பே குடங்களில் அருகில் இருக்கட்டும்.