யானைமலை அடிவாரத்தில் அடைக்கலம் கொண்ட அரங்கன்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பெருவழியில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே யானைமலை கண்ணுக்குப் புலப்படும். படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறைமலையின் ஒருபுறம் நரசிங்கம் குடைவரைக் கோயில். யோக நரசிம்மரைச் சேவிக்க வரும் அன்பர்களுக்கு அது நன்கு அறிமுகமான தலம். மலையின் மறுபுறம் கொடிக்குளம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இவ்வூரின் பழம்பெயர் ஜோதிஷ்குடி. திருவரங்கத்து உற்சவர் தம் ஊரைத் துறந்து வந்து அடைக்கலம் கொண்ட இடம் இது. அவரைக் காத்து அழைத்துவந்த பிள்ளை லோகாசாரியர் திருநாட்டுக்கு எழுந்தருளியதும் இங்கேதான்.

பேரிடர் வந்து வாசலில் நிற்கும்போது எதைக் காப்பது, எதை விடுவது, யார் போவது, யார் இருப்பது? யோசிக்க அவகாசம் இல்லாத வேளையிலும் தருமம் தவறாமல் முடிவெடுப்பது எப்படி? இந்தக் கேள்விகளுக்குத் திருவரங்கத்துப் பெரியோர் தந்த விடையின் ஒரு பகுதி இம்மலையடியில் இருக்கிறது.

ஒரே வேளையில் மூன்று காரியங்கள்

1323ஆம் ஆண்டு. உலூக்கான் தலைமையில் தில்லிப் படை தெற்கு நோக்கி வந்தது. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லியை ஆண்டவர் இவரே. பாண்டிய நாடு முழுவதும் நிலைகுலைந்திருந்த காலம் அது. படை நெருங்கிவிட்ட செய்தி வந்தபோது திருவரங்கத்தில் திருவிழா நடந்துகொண்டிருந்தது என்றும், கொள்ளிடக் கரையில் பெருந்திரளான அடியார்கள் கூடியிருந்தனர் என்றும் கோயிலொழுகு கூறுகிறது.

அந்தக் குறுகிய பொழுதில் மூன்று காரியங்கள் நடந்தன. கருவறையில் பள்ளிகொண்டிருக்கும் மூலவரைப் பெயர்க்க இயலாது. ஆகவே சந்நிதி வாசலில் கற்சுவர் எழுப்பி அவரை மறைத்தனர். உற்சவரான அழகிய மணவாளரை எடுத்துச் செல்லலாம். பிள்ளை லோகாசாரியர் ஒரு சிறு குழுவுடன் அவரைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு புறப்பட்டார். மூன்றாவது காரியம் ஞானச் செல்வத்தைப் பற்றியது. ஸ்ரீபாஷ்யத்துக்கு விரிவுரையாகச் சுருதப்பிரகாசிகையை அருளிய சுதர்சன சூரி அப்போது முதுமையில் இருந்தார். ஓட இயலாத அவர், தம் நூலின் சுவடியையும் தம் இரு புதல்வர்களையும் சுவாமி வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். வெட்டுண்டு கிடந்தவர்களின் உடல்களுக்கு நடுவே தேசிகர் அவர்களுடன் படுத்திருந்து உயிர் தப்பினார் என்றும், பின்னர் கன்னட நாட்டுச் சத்தியாகாலத்தை அடைந்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இன்று வேதாந்தம் பயில்வோர் சுருதப்பிரகாசிகையை எடுத்துப் படிக்க முடிவது அந்த இரவின் பயனே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே காரியத்தின் பின் ஓடவில்லை. அசையாததை மறைத்தார்கள், அசைவதை எடுத்துச் சென்றார்கள், எழுத்தையும் இளையோரையும் தக்க கையில் சேர்த்தார்கள். பொன்னும் பண்டாரமும் அவர்கள் கணக்கில் கடைசியாகவே வந்தன.

சொல்லாமல் போனது சரியா?

இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதியும் இருக்கிறது. உற்சவர் புறப்பட்ட செய்தி கூடியிருந்த அடியார்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. திரையிட்டு மறைத்து, திருமஞ்சனமும் பூசையும் நடப்பதுபோன்ற தோற்றத்தை வைத்துவிட்டுத்தான் பெருமாளை எழுந்தருளச் செய்தனர் என்பது மரபு. அந்தக் கலகத்தில் பன்னீராயிரம் பேர் மாண்டனர் என்று கோயிலொழுகு கணக்குச் சொல்கிறது. நம்பி நின்றவர்களிடம் உண்மையைச் சொல்லாதது தருமமா?

எளிதில் விடை சொல்லிவிட முடியாத கேள்வி இது. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் பெருமாளைப் பின்தொடர்ந்திருப்பார்கள். கூட்டம் போன வழியே படையும் போயிருக்கும். பெருமாளும் தப்பியிருக்க மாட்டார். பின்தொடர்ந்தவர்களும் பிழைத்திருப்பது அரிது. ஆயினும் சொல்லாமல் போனதன் பாரம் போனவர்களின் நெஞ்சை விட்டு அகன்றிருக்காது. ஆபத்துக் காலத்தில் முடிவெடுப்பவருக்குக் குறையே இல்லாத வழி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. இருக்கும் வழிகளில் தீங்கு குறைந்ததைத் தேர்ந்து, அதன் சுமையைத் தாமே தாங்குவதுதான் அவரால் இயன்றது.

பிள்ளை லோகாசாரியர் அச்சுமையிலிருந்து விலகவில்லை. 1205இல் அவதரித்தவர் என்ற மரபுக் கணக்கின்படி அப்போது அவருக்கு நூற்றுப்பதினெட்டு வயது. முமுட்சுப்படி, தத்துவத்திரயம், ஸ்ரீவசனபூஷணம் முதலான பதினெட்டு ரகசிய நூல்களை அருளியவர். வயதைக் காரணம் காட்டி அவர் இருந்துவிட்டிருந்தால் குறை சொல்லுவார் யாருமில்லை. ஆனாலும் பெருமாளுடன் தாமும் காட்டு வழியில் நடந்தார்.

கள்வர்க்கும் ஈந்த கை

வழியில் கள்வர்கள் மறித்துப் பெருமாளுக்கு உரிய பொருள்களைப் பறித்துக்கொண்டனர். முன்னே சென்றிருந்த லோகாசாரியர் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். தம்மிடம் எஞ்சியிருந்தவற்றையும் அவர்களிடமே கொடுத்தார். அது கண்டு மனம் மாறிய அவர்கள் பெருமாளைப் பணிந்தனர் என்கிறது குருபரம்பரை. பொருளுக்காக வாதாடியிருந்தால் பெருமாளுக்கே இடையூறு நேர்ந்திருக்கலாம். எதற்காகப் புறப்பட்டோம் என்பது தெளிவாக இருந்தபடியால், எதை விடலாம் என்பதில் அவருக்குத் தயக்கம் எழவில்லை.

அவ்வாறு வந்து சேர்ந்த இடமே யானைமலை அடிவாரத்து ஜோதிஷ்குடி. இங்கே ஆசாரியரின் திருமேனி தளர்ந்தது. அந்திமக் காலத்தில் அவர் செய்தவையாக இரண்டு செய்திகளைப் பெரியோர் சொல்வர். அருகிலிருந்த எறும்புகளையும் செடிகொடிகளையும் தம் திருக்கைகளால் தொட்டு, அவையும் நற்கதி பெற வேண்டினார் என்பது ஒன்று. மதுரையில் அரசு காரியங்களில் ஆழ்ந்திருந்த தம் பழைய சீடர் திருமலையாழ்வாரை மீண்டும் சம்பிரதாயத்துக்கு அழைத்துவரும்படி கூரகுலோத்தமதாசர் முதலானோரைப் பணித்தார் என்பது மற்றொன்று.

அந்தத் திருமலையாழ்வாரே பின்னர்த் திருவாய்மொழிப் பிள்ளை எனப் போற்றப்பட்டவர். அவருடைய சீடர் மணவாள மாமுனிகள். ஸ்ரீவசனபூஷணத்துக்கும் முமுட்சுப்படிக்கும் தத்துவத்திரயத்துக்கும் வியாக்கியானம் அருளியவர் மாமுனிகளே. வீடு திரும்பும் நம்பிக்கையற்ற நிலையில் ஒரு முதியவர் மலையடிவாரத்தில் சொன்ன சொல், இரண்டு தலைமுறை கடந்து பலித்தது.

மதுரையிலும் அதே விவேகம்

சைவப் பெரியோரும் அக்காலத்தில் இவ்வழியிலேயே சிந்தித்தனர். மதுரையில் சொக்கநாதரின் கருவறையை மறைத்துச் சுவர் எழுப்பி, முன்னே வேறொரு லிங்கத்தை வைத்தனர் என்பது மரபு. படையினரால் சிதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த லிங்கத்தை இன்றும் சுவாமி சந்நிதியில் காணலாம். குமார கம்பணர் மதுரையை மீட்ட பின் சுவரை அகற்றியபோது, உள்ளே வைத்த விளக்கு அணையாமல் எரிந்ததென்று பக்தர்கள் மெய்சிலிர்த்துச் சொல்வர்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

ஆசாரியர் மறைந்த பின்னும் அடியார்கள் கடமையைக் கைவிடவில்லை. ஜோதிஷ்குடியிலிருந்து அழகர்கோயில், மலையாள நாடு, கன்னட நாட்டுத் திருநாராயணபுரம், திருமலை எனப் பெருமாளின் பயணம் நீண்டது. திருமலையில் அவர் எழுந்தருளியிருந்த மண்டபம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்றே வழங்குகிறது. விசயநகரப் பேரரசின் அதிகாரியான கோபண்ணர், செஞ்சி வழியாக அழைத்துவந்து 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிட்டை செய்வித்தார்.

புறப்படும்போது உடன் சென்றவர்களில் பலர் அந்நாளைக் காணவில்லை. ஊரில் அதற்குள் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. முன்னவரை அடையாளம் காணவல்லவர் அரிதாகிவிட்டனர். கண்பார்வை இழந்த முதிய சலவைத் தொழிலாளி ஒருவர், திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, இவரே நம் பெருமாள் என்று உணர்ந்து சொன்னாராம். நம்பெருமாள் என்ற திருநாமம் அவ்வாறு நிலைத்ததென்பர். ஆசாரியர் காத்துக் கொடுத்ததை, அரை நூற்றாண்டுக்குப்பின் ஓர் எளிய தொண்டரின் நினைவு உறுதிசெய்தது.

யானைமலையின் நரசிங்கப் பக்கத்திலும் இதற்கு ஒப்பான செய்தி கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 770ஆம் ஆண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி அக்குடைவரையை எடுப்பித்தார். பணி நிறைவேறும் முன் அவர் காலமாக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முற்றுவித்தார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. தொடங்கியவர் முடிவைக் காணாமல் போகலாம். அடுத்தவர் கையில் சேர்த்துவிட்டால் காரியம் நிற்காது.

நரசிங்கப் பெருமாளைச் சேவிக்க ஒத்தக்கடை வரும் குடும்பத்தினர், மலையைச் சுற்றிக் கொடிக்குளத்துக்கும் சென்று வரலாம். வேதநாராயணரையும் பிள்ளை லோகாசாரியரையும் வணங்கி, பேரக்குழந்தைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம். திருவரங்கத்தில் இன்று நம்பெருமாள் வீதியுலா வருகிறார் என்றால், அதற்காக இம்மலையடியில் ஒரு முதியவர் தம் கடைசி நாள்களைக் கொடுத்திருக்கிறார்.