வானிலிருந்து தெரியும் களர் நிலம்

உத்தரப்பிரதேசத்துக் கங்கைச் சமவெளியில், நன்றாக விளையும் வயல்களுக்கு நடுவே புல்கூட முளைக்காத வெளிறிய திட்டுகள் கிடக்கும். அங்குள்ளவர்கள் 'ஊசர்' என்பார்கள். நாம் களர் என்போம். இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர். அதில் 13 லட்சம் ஹெக்டேருக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறது. இவ்வளவு நிலத்தையும் நடந்தே அளந்து முடிக்க முடியாது. செயற்கைக்கோள் படங்கள் இங்கேதான் உதவுகின்றன.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். உப்புப் பூத்த காய்ந்த மண்ணோ எல்லா ஒளியையும் அதிகமாகத் திருப்பும். அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் படத்தை அமைத்தால், மார்ச் மாதக் கோதுமை வயல் சிவப்பாகவும் களர்த் திட்டு வெள்ளையாகவும் தெரியும்.

ஆற்று மணலும் வெள்ளையாகவே தெரியும் என்பதுதான் சிக்கல். அதனால் மழைக்குப் பிந்தைய படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். களர் மண்ணில் சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிடும். அவை மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அங்கே மழைநீர் தேங்கி நிற்கும். மணலில் உடனே வடிந்துவிடும்.

1993-இல் உலக வங்கி உதவியுடன் உத்தரப்பிரதேசம் களர் நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது இத்தகைய படங்களே கெட்ட நிலத்தை அடையாளம் காட்டின. 2015-இல் ஐரோப்பா ஏவத் தொடங்கிய சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம்.

ஆனால் இவை காண்பது மேல்மண்ணை மட்டுமே. ஆகவே சந்தேகமான இடங்களில் குழி தோண்டி, பல ஆழங்களில் மண்ணெடுத்துச் சோதிக்கிறார்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர். கார அமிலநிலை 8.5-ஐத் தாண்டி, மண்ணில் ஒட்டிய அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தை மிஞ்சினால் களர். உவருக்கு நல்ல தண்ணீர் நிறுத்தி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். களருக்கு முதலில் ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்க வேண்டும்; தண்ணீர் மட்டும் பாய்ச்சிப் பயனில்லை.

திருச்சி வட்டாரத்திலும் களர் நிலம் உண்டு. உங்கள் வயலிலும் வெள்ளைத் திட்டு தெரிந்தால், ஜிப்சம் வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். திட்டு இருக்கும் இடத்தைப் படம் காட்டும்; அதற்கான மருந்தை மண் பரிசோதனைதான் சொல்லும்.