வருடக்கணக்காக கிராஃப் வரைந்தும் சர்வரில் இடம் ஏன் நிரம்புவதில்லை?

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ‘இதுவரை எவ்வளவு டேட்டா போயிருக்கிறது?’ என்று ரவுட்டரிடமோ சர்வரிடமோ கேட்டுக் குறித்துக்கொண்டு கிராஃப் வரைகிறது எம்ஆர்டிஜி (MRTG) என்ற மென்பொருள். முந்தைய எண்ணைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் குறிப்புகள்! கோப்பு மட்டும் வீங்குவதே இல்லை. எப்படி?

உங்கள் வீட்டு வரவு செலவு நோட்டை எடுங்கள். இன்று வாங்கிய கொத்தமல்லிக்கட்டு வரை எழுதுவீர்கள். போன வருடத்துக்கு மாதத் தொகையே போதும், இல்லையா?

எம்ஆர்டிஜியும் அப்படித்தான். நாள் கிராஃபுக்கு 5 நிமிடச் சராசரி, வாரத்துக்கு 30 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம், வருடத்துக்கு 1 நாள். புதியது சேரச் சேர மிகப் பழையது கழிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. நள்ளிரவில் பத்து நிமிடம் சர்வர் திணறியது வருடக் கிராஃபில் சராசரியோடு கரைந்துபோகும். ஆகவே சராசரியோடு உச்ச அளவையும் கிராஃபில் காட்டச் சொல்லிவையுங்கள்.